வெர்தனில் ஒரு ஜனவரி

நேயர்களுக்கு வணக்கம். பிரான்சைக் கோடையில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். முதல் உலகப் போரில் பெரும் சண்டை நடந்த வெர்தன் பக்கம் போவதாக இருந்தால் மட்டும் ஜனவரியில் போங்கள் என்பேன் நான்.

பார்-லெ-டுக் நகரில் காலை 8 மணிக்கும் இருட்டு விலகவில்லை. கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டவே கால் மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து வெர்தனுக்குப் போகும் சாலையின் எண் 1916. அந்தச் சண்டை நடந்த ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டர் கற்களின் தலையில் படைவீரனின் இரும்புத் தொப்பி.

பிப்ரவரி 12 அன்றே தாக்க ஜெர்மானியர் திட்டமிட்டிருந்தார்கள். பனியும் மழையும் விடவில்லை. 21ஆம் தேதிதான் பீரங்கிகள் முழங்கின. பெரிய ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டோ பீரங்கிக்கு எட்டும் தூரத்திலோ இருந்தன. பிரெஞ்சுப் படைக்கு மிஞ்சியது ஒரு குறுகிய ரயில் பாதையும் இந்தச் சாலையும்தான். சராசரியாக 14 நொடிக்கு ஒரு லாரி! மாதக் கடைசியில் பனி உருகிச் சாலை சேறாகிவிட்டது. லாரிகள் நிற்கக் கூடாது என்பதால், ஓடுகிற சக்கரங்களுக்கு அடியிலேயே ஜல்லியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழுதான லாரியைப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டியதுதான். தளபதிகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பவர்கள் மண்வெட்டியோடு நின்ற அந்த ஆட்கள். பலருக்கு வயது நாற்பதை ஒட்டி.

துவோமோனில் எலும்புக் கூடம் இருக்கிறது. அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 பேர், இரு தரப்பாரும் கலந்து. வெளிச்சுவரில் தரையை ஒட்டிச் சின்னச் சன்னல்கள். குனிந்தேன்; மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கையுறையால் துடைத்துவிட்டுப் பார்த்தால், விறகைக் கொட்டியதுபோலத் தொடை எலும்புகள். இரண்டாவது சன்னலுக்கு நான் போகவில்லை.

ஜனவரி என்றதற்குக் காரணம் ஃப்ளெரியில் தெரியும். வெர்தனைச் சுற்றி அழிந்த 9 ஊர்களில் அது ஒன்று. 16 முறை கைமாறியதாம். போருக்குப் பின் அங்கெல்லாம் மரம் நட்டுக் காடாக்கினார்கள். கோடையில் போனால் பச்சைப் பசேல் என்று இருக்கும், அவ்வளவுதான். இலை உதிர்ந்த பிறகுதான் நிலம் தெரிகிறது: சமதரை என்று ஒரு முழம்கூட இல்லை, குழிக்குப் பக்கத்தில் குழி, குழிதோறும் பனி. அவற்றினிடையே சிறு கம்பங்கள். இங்கே ரொட்டிக்கடை இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் என்று எழுதியிருக்கிறது. குடியிருப்பவர் ஒருவருமில்லை, ஆனால் ஊருக்கு மேயர் உண்டு, இன்றைக்கும் நியமிக்கிறார்கள்.

வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இன்னும் கிடப்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. 5 மணிக்கே இருட்டிவிட்டது. பனியில் பதிந்திருந்த என் காலடித் தடத்திலேயே கால் வைத்துக் காருக்குத் திரும்பினேன்.