காலை எட்டு மணியும் சாயங்காலம் நாலு மணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் ரேடியோ கேட்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நானும் அடுப்படியில் ரேடியோவைப் பேசவிட்டுக்கொண்டே வேலை பார்த்தவள்தான். கையில் கரண்டி இருந்தால் இருக்கட்டும், கீழே வைக்க வேண்டாம். காதை மட்டும் கொடுங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், அவர்களுடைய வேலை, அரசு உதவி, இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஊரில் என் பெயர் சத்துணவு டீச்சர். பாடம் நடத்தாத டீச்சர்! என் வீட்டுக்காரர் தவறியபோது எனக்கு 26 வயது. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கைம்பெண்களுக்கு முன்னுரிமை என்று இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. அதனால் நலத்திட்டம் என்பது நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை.

எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் மணியைப் பற்றிப் பேசப்போகிறேன். மணி என்றால் கடிகார மணி.

நீங்கள் தலையில் வைத்திருக்கிற மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லி, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. அது மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். அப்படியானால் பறிக்கிறவள் எத்தனை மணிக்குத் தோட்டத்தில் நிற்பாள்? இருட்டில். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு. புருஷன் இருக்கும் வீட்டில், மாமியார் இருக்கும் வீட்டில், பிள்ளையை எழுப்பி முகம் கழுவிவிட ஒரு ஆள் உண்டு. ஒற்றை ஆளாக இருப்பவள் வீட்டில்? கதவைச் சாத்திவிட்டுப் போவாள். பிள்ளை தானே எழுந்து, தானே கிளம்பி, வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் வந்து உட்காரும்.

இதை நான் கண்ணால் பார்த்தவள். தொண்ணூறுகளின் நடுவில் என் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. தினமும் நாலு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். அம்மா பூப் பறிக்கப் போகிறவள். அப்பா திருப்பூருக்கு வேலைக்கு என்று போனார், போனவர் போனவர்தான். எங்கள் ஊரில் அப்போது பால்வாடி கிடையாது, பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை தம்பியைப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார முடியுமா? தலைமையாசிரியர் நல்ல மனுஷர். கண்டும் காணாமல் இருந்தார். பையன் வகுப்பு வாசலில் உட்கார்ந்திருப்பான். பதினோரு மணி ஆனால் போதும், என் அடுப்பு இருக்கும் கொட்டகைக்கு வந்துவிடுவான். "டீச்சர், வெந்துருச்சா?"

இப்போது சத்துணவுக் கணக்கைச் சொல்ல வேண்டும். ஆஜர் எத்தனையோ அத்தனை பேருக்கு அரிசி. அன்றைக்கு 67 என்றால் 67. பையன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நானும் சமையல் செய்யும் அக்காவும் பானையில் ஒட்டியது, எங்கள் பங்கு என்று சேர்த்து அவனுக்கு ஒரு தட்டுப் போடுவோம். உப்புப் பார்க்கிற ஆள் என்று அவனுக்கு ஒரு உத்தியோகமும் கொடுத்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்துத் தலையாட்டுவான், பெரிய சமையல்காரர் தோரணையில்!

ஒருநாள் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். தலையை எண்ணவில்லை, தட்டை எண்ணினார். 68. பத்து நாள் கழித்து மெமோ வந்தது. 'பதிவேட்டில் இல்லாத நபருக்கு உணவு வழங்கியது ஏன்?' எனக்குக் கை நடுங்கியது. வேலை போனால் என் பிள்ளைகள் கதி என்ன? ராத்திரி பூராவும் யோசித்து ஒரே வரிதான் எழுதினேன். 'ஐயா, அவன் நபர் இல்லை, நாலு வயசுப் பையன்.' பதில் ஏதும் வரவில்லை. வேலையும் போகவில்லை. மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

கொஞ்சம் கதையிலேயே நின்றுவிட்டேன். சரி.

சோறு போடும் திட்டம் என்றதும் நமக்கு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். காமராஜர், எம்.ஜி.ஆர். இரண்டு பேரும் அப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள் என்பதை யோசித்திருக்கிறீர்களா? காமராஜருக்கு ஆறு வயதில் அப்பா தவறிவிட்டார். நமக்குப் பக்கத்தில் விருதுநகரில் சிவகாமி அம்மாள் தனியாக வளர்த்தார். பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மாமா ஜவுளிக்கடைக்குப் போனார். எம்.ஜி.ஆருக்கு விவரம் தெரியாத வயதிலேயே அப்பா இல்லை. சத்யபாமா அம்மாள் கும்பகோணத்தில் பிள்ளைகளோடு கஷ்டப்பட்டு, கடைசியில் பையன்களை நாடகக் கம்பெனியில் சேர்த்தார். அந்தக் கம்பெனியின் பெயர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. 1982 ஜூலை முதல் தேதி சத்துணவு தொடங்கியது. எனக்கு அரசியல் வேண்டாம். பசித்த பையன் யாரோ ஒருவன் வளர்ந்து கோட்டைக்குப் போய் உட்கார்ந்ததால் எனக்கு வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்த வரிசையில்தான் காலைச் சிற்றுண்டியும். 2022 செப்டம்பர் 15, நம் மதுரை மாநகராட்சியின் ஆதிமூலம் தொடக்கப் பள்ளியில் தொடங்கினார்கள். முதலில் 1545 பள்ளிகள். அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். இதைப் பிள்ளைகளின் சத்துக்கான திட்டம் என்று எழுதுகிறார்கள், உண்மைதான். என் கண்ணுக்கு அது தனியாக நிற்கும் தாய்க்கான திட்டம். பூப் பறிக்கிறவளுக்கு, இட்லிக் கடையில் மாவு ஆட்டப் போகிறவளுக்கு, பங்களா வாசல் கூட்டப் போகிறவளுக்கு, எட்டு மணியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், பணம் கொடுத்ததைவிட எட்டு மணியை வாங்கிக்கொண்டது பெரிய உதவி. ஒரே குறை, அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா?

காலை ஓரளவு தீர்ந்தது. சாயங்காலம் தீரவில்லை. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு மேல் விட்டுவிடும். மாசி வீதியிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள்? ஒன்பது. தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். (உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமை 2021-இல் சட்டமாகவே வந்துவிட்டது. கடைக்குப் போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.) நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் ஐந்து மணி நேரம். அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? தெருவில், அல்லது பூட்டிய வீட்டுக்குள். இந்த ஐந்து மணி நேரத்துக்குப் பயந்தே நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பூக்கட்டியும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டும் கிடைத்ததை வாங்கிக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர்.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது ஞாபகம் இருக்கும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணி, தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் சொன்னார்கள். விட்டுப்போன படிப்புக்காக வந்தது. ஆனால் என் தெருவில் ஒரு பெண் சொன்னாள், "படிக்குதோ இல்லையோ அத்தை, அந்த ரெண்டு மணி நேரம் எம்புள்ள எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்." நான் கேட்பது அதுதான். சத்துணவுக் கூடம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. மூன்று மணிக்குப் பூட்டிவிடுகிறோம். ராத்திரி எட்டு வரை அதைத் திறந்துவைத்து, ஒரு ஆளைச் சம்பளம் போட்டு உட்காரவைத்து, ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

அடுத்து, காகிதம். செத்தவருக்குச் சான்று உண்டு, போனவருக்கு இல்லை. எனக்கு இறப்புச் சான்று இருந்தது, கதவு திறந்தது. கைம்பெண் உதவித்தொகை 1975-லிருந்து இருக்கிறது. 2023-இல் மாதம் 1000-இலிருந்து 1200 ஆக்கினார்கள். திருப்பூர் போனவர் பெண்டாட்டிக்கு அப்போது 24 வயது. கைவிடப்பட்டவருக்கான உதவித்தொகைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ கோர்ட்டு கொடுத்த பிரிவுச் சான்றோ இல்லையென்றால், கைவிட்டு 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். பிள்ளை வளர்கிற வயதெல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்குள்தானே! அரசு வேலையில் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டுக்குள் ஆதரவற்ற விதவைக்குத் தனிப் பங்கு உண்டு. அதிலும் கைவிடப்பட்டவள் சேர்த்தி இல்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி போகிறது. பஸ் இலவசம்தான். கூலியை யார் கொடுப்பது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிஷமாம். எழுதிக்கொண்டு வந்ததில் பாதி பாக்கி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போது அப்பா, அம்மா இரண்டு பேர் பெயரும் கட்டாயமில்லை, ஒருவர் பெயர் போதும். 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். திருமணமாகாத தாய் பிள்ளைக்குத் தானே காப்பாளராக இருக்க மனுப் போடும்போது தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. எங்கேயாவது மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

அப்புறம், ஆண்கள். மத்திய அரசு வேலையில் இருக்கும் தனி அப்பாவுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் இருக்கிறார். காலையில் மகளுக்கு ரெட்டை ஜடை போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். முதலில் கோணலாக இருக்கும், இப்போது என்னைவிட நன்றாகப் போடுகிறார். அவரைப் பற்றித்தான் நிறையப் பேசலாம் என்று வந்தேன், தம்பி கையை மடக்கிவிட்டார்.

வணக்கம்.