நிஞ்சா வீரனை எப்படி எடை போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் விளையாடும் ‘எம்பயர்ஸ் அண்ட் பசில்ஸ்’ என்ற புதிர்ப் போர் ஆட்டத்தில் வருகிற நிஞ்சா வீரனைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன். அவனுடைய பலம் என்ன, அதை எப்படி எடை போடுவது என்பதுதான் பேச்சு. வானொலியில் பேசுகிற விஷயமா இது என்று பெரியவர்கள் யாராவது நினைத்தால், காலை நேரத்தில் தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வருகிற பஸ்ஸில் ஏறி, பாவூர்சத்திரம் தாண்டியதும் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “இப்ப விடாதல, பொறு” என்று ஒருவனை ஒருவன் தடுத்துக்கொண்டிருப்பான். அவர்கள் மனசுக்குள் போடுகிற கணக்கு லேசான கணக்கு இல்லை. அதைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரே நிறக் காய்கள் மூன்றை வரிசையில் சேர்த்து உடைக்கிற ஆட்டம் 1994-ல் ரஷ்யாவில் ‘ஷாரிகி’ என்ற பெயரில் வந்தது. 2001-ல் ‘பிஜுவல்ட்’ அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2007-ல் ‘பசில் குவெஸ்ட்’ காய் உடைப்பதோடு போரையும் சேர்த்தது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் ‘எம்பயர்ஸ் அண்ட் பசில்ஸ்’ 2017-ல் வெளிவந்தது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கிற ஸ்மால் ஜயன்ட் கேம்ஸ் அதை உருவாக்கியது.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் குறுக்கே 7, நெடுக்கே 5, ஆக 35 காய்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம். நம் பக்கம் ஐந்து வீரர்கள், எதிரே எதிரிகள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு நிறம் உண்டு. அந்த நிறக் காயை உடைத்தால் இரண்டு காரியம் நடக்கும். காய் மேலே பாய்ந்து நேர் எதிரே நிற்கிற எதிரியை அடிக்கும். நம் வீரனின் ‘மானா’ என்கிற சக்தி ஏறும். மானா நிறைந்ததும் அவனுடைய தனித்திறமையை ஏவலாம். நம் காய் எதிரியின்மேல் பட்டால் அவனுக்கும் மானா ஏறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கண்மூடித்தனமாக அடித்துக்கொண்டே இருந்தால் எதிரிக்கு நாமே சோறு போடுகிறோம் என்று அர்த்தம்.

இனி நிஞ்சா. மற்ற வீரர்கள் பெரும்பாலோருக்கு மானாவில் ஒரே ஒரு நிலைதான். நிறைந்த பிறகும் அவர்களை ஏவாமல் வைத்திருக்கலாம். ஆனால் அதற்குப்பின் அந்த நிறத்தில் உடைக்கிற காயெல்லாம் அவர்களைப் பொறுத்தவரை வீண். நிஞ்சா வீரர்களுக்கு மூன்று நிலை உண்டு. முதல் நிலை நிறைந்ததும் ஏவலாம். ஏவாமல் பொறுத்தால் இரண்டாம் நிலை நிறையும், அப்புறம் மூன்றாம் நிலை. நிலை ஏற ஏறத் தாக்குதல் பெரிதாகும். எந்த நிலையில் ஏவினாலும் திரும்பச் சுழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாமிரபரணிக் கால்வாய்களில் ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறதல்லவா, நிஞ்சாவின் மானா அப்படிப்பட்டது. மற்ற வீரனின் மறுகால் தண்ணீர் வீணாகிறது, நிஞ்சாவின் தண்ணீர் அடுத்த குளத்தில் நிற்கிறது. என்னுடைய கருத்தில் அவனுடைய முதன்மையான பலம் இதுதான்: காத்திருக்கும்போது அவனுக்குக் காய் வீணாவதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் வீரனை எடை போடுகிற விதம் வேறு. வீரனின் விவரம் காட்டுகிற அட்டையைத் திறந்ததும் கண் போவது ‘அட்டாக்’ என்ற எண்ணுக்கு. அம்பாசமுத்திரத்தில் ஒரு தம்பி என்னிடம் இரண்டு ஊதா வீரர்களைக் காட்டி, “அண்ணாச்சி, இவனுக்குத்தான அட்டாக் கூட இருக்கு, பொறவு எதுக்கு அந்த நிஞ்சாவ வளக்கச் சொல்லுதிய?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அட்டாக் எண் அவன் எவ்வளவு பலமாக அடிப்பான் என்று சொல்லும். எப்போது அடிப்பான், அதுவரை உயிரோடு இருப்பானா, அடிக்கிற நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்ற மூன்றையும் அது சொல்லாது.

‘எப்போது’ என்பதை முதலில் பார்ப்போம். 35 காயில் ஐந்து நிறம் என்றால் சராசரியாக ஒரு நிறத்துக்கு 7 காய். இந்த ஆட்டத்தில் ‘வேகம்’ என்று போட்ட வீரனுக்கு மானா நிறைய 8 காய் வேண்டும், ‘சராசரி’ என்று போட்டவனுக்கு 10. மும்மூன்றாக உடைக்கிறோம் என்று வைத்தால், 8 காய்க்கு மூன்று உடைப்பு போதும். 10 காய்க்கு நான்கு உடைப்பு ஆகிவிடும். அந்த ஒரே ஒரு காய்க்காக ஒரு உடைப்பு கூடுதல்! அதனால்தான் கூடவே அனுப்புகிற துருப்புகள் தருகிற மானா கூடுதலை அனுபவசாலிகள் அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள். 100-க்கு 11-ஐச் சற்றுத் தாண்டிய கூடுதல் கிடைத்தால் 10 காய் வேலையை 9 காய் செய்துவிடும், நான்கு உடைப்பு மூன்றாகக் குறையும். நிஞ்சாவின் அட்டையிலும் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை காய் என்று இதேபோல எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, முதல் நிலைத் தாக்குதல் 250, மூன்றாம் நிலை 600, ஒவ்வொரு நிலைக்கும் ஒரே அளவு காய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலை நிறைகிற காயில் முதல் நிலையையே மூன்று தடவை ஏவினால் 750 ஆகிறது. காத்திருந்தால் கிடைப்பது 600. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பொறுமைக்கு நஷ்டம். அப்படியென்றால் முதல் நிலையிலேயே ஏவிக்கொண்டிருக்கலாமா? எதிர்ப்பக்கம் உயிரை மீட்டுக்கொடுக்கிற வீரன் ஒருவன் இருந்தால் கணக்கு தலைகீழாகும். நாம் 250 அடிப்போம், அவன் அதை ஆற்றிவிடுவான். மறுபடி அடிப்போம், மறுபடி ஆற்றுவான். ஒரே அடியாக 600 விழுந்து எதிரி இறந்துவிட்டால் ஆற்றுவதற்கு ஆளே இல்லை. ஆகவே மூன்று நிலையின் எண்களையும் வெறுமனே கூட்டாதீர்கள். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. நிலை ஏறும்போது எண் மட்டும் பெரிதாகிறதா, அல்லது திறமையின் தன்மையே மாறுகிறதா என்று அட்டையை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரே எதிரியை அடிப்பது வேறு, ஐந்து பேரையும் அடிப்பது வேறு. தன்மை மாறுகிறது என்றால் காத்திருக்கக் காரணம் இருக்கிறது. எண் மட்டும்தான் ஏறுகிறது, எதிரே ஆற்றுகிறவனும் இல்லை என்றால் நான் காத்திருக்க மாட்டேன்.

பக்கத்தில் யார் என்பது அடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கிரிம் என்று ஒரு நீல வீரன், தரத்தில் நான்கு நட்சத்திரம்தான். குறிவைத்த எதிரியின் தற்காப்பையும் அவன் பக்கத்தில் நிற்பவர்களின் தற்காப்பையும் 34 சதவீதம் குறைத்துவிடுவான். ஆறு சுற்றுக்கு அது நிற்கும். ஊதாவில் டைபர்டஸ் அதே வேலையைச் செய்வான். நிஞ்சா மூன்றாம் நிலையில் நின்றுகொண்டிருக்க, கிரிம் முதலில் போய்த் தற்காப்பை உடைக்க, அதே சுற்றில் நிஞ்சாவை ஏவுவது என்பது இந்த ஆட்டத்தின் அழகான ஒரு நிமிஷம். வேறு வீரனாலும் கிரிமுக்காகக் காத்திருக்க முடியும். ஆனால் காத்திருக்கிற நேரத்தில் அவன் வளர மாட்டான். நிஞ்சா வளர்ந்துகொண்டே காத்திருப்பான். ஐந்து நட்சத்திர வீரன் ஒருவனையாவது வாங்கிவிட வேண்டும் என்று அலைகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன், உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற கிரிமை முதலில் முழுசாக வளர்த்துவிடுங்கள். அவன் இல்லாத நிஞ்சாவுக்குப் பாதி மதிப்புதான்.

உயிரோடு இருப்பானா என்ற கேள்விக்கு வருவோம். காத்திருக்கிறவன் அதுவரை அடி வாங்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேரோடு நான் மாறுபடுகிறேன். வீரனுக்கு எம்பளம் என்கிற சின்னங்களைக் கொடுத்துத் திறமைப் படிகள் ஏற்றலாம். வழி பிரிகிற இடங்களில் தாக்குதலா, தற்காப்பா, உயிரா என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். நிஞ்சா அடிக்கிறவன்தானே என்று எல்லோரும் தாக்குதல் பக்கமே ஏற்றுகிறார்கள். நான் தற்காப்பும் உயிரும் ஏற்றச் சொல்வேன். மூன்றாம் நிலைக்கு ஒரு சுற்று முன்னால் இறந்துபோகிற வீரனுக்கு எவ்வளவு அட்டாக் இருந்து என்ன? மானாவைத் திருடுகிறவர்களும் உண்டு. லி ஷியு எல்லா எதிரிகளின் மானாவையும் 20 சதவீதம் குறைப்பாள். புரோட்டியஸ் மூன்று பேருக்கு மூன்று சுற்று மானா ஏறவிடாமல் செய்வான். இவர்கள் எதிரே நின்றால், கிடைத்த நிலையில் ஏவிவிடுவது நல்லது.

ஜப்பானில் ஷினோபி என்று அழைக்கப்பட்ட உண்மையான நிஞ்சாக்களின் கதையும் இதற்குத் தூரமில்லை. இகா, கோகா என்ற மலைநாட்டுப் பகுதிகளில் இருந்த அவர்களின் வேலை பெரும்பாலும் உளவு. வேஷம் மாறி எதிரியின் ஊரில் இருப்பது, கோட்டையின் காவல் எப்போது தளர்கிறது என்று பார்ப்பது, சேதி கொண்டுவருவது. கறுப்பு உடை போட்டுத் தாவிக் குதிக்கிற உருவம் பிற்கால நாடக மேடை நமக்குத் தந்தது. 1581-ல் ஒடா நொபுனாகா பெரும்படையோடு இகாவுக்குள் நுழைந்து அந்த நாட்டை அழித்தார். நேருக்கு நேர் போரில் அவர்களால் அந்தப் படையைத் தாங்க முடியவில்லை. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நிஞ்சாவுக்குக் காத்திருக்கும் குணத்தைக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் தற்காப்பு அணியில் நிஞ்சாவை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். தற்காப்பில் நமக்காக ஆடுவது எந்திரம். எப்போது ஏவ வேண்டும் என்ற முடிவு நம் கையில் இல்லை. அவனுடைய சிறந்த குணம் அங்கே நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. தாக்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். டைட்டன் என்ற ராட்சசனோடு மோதும்போது கடிகாரம் ஓடுவதால் அங்கேயும் மூன்றாம் நிலைக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம். கூட்டணிப் போரில் ஒருவருக்கு ஆறு தாக்குதல், ஒருமுறை போன வீரன் மறுபடி போக முடியாது. 30 வீரர்கள் வேண்டும் என்கிறபோது ஒரு நிஞ்சாவை மட்டும் வளர்த்துக்கொண்டிருப்பது கட்டாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க எனக்கு மனசில்லை. இப்படிப்பட்ட வீரர்கள் குலுக்கலில்தான் கிடைக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2017 கடைசியிலிருந்து, காசுக்குக் குலுக்கல் விற்கிற ஆட்டங்கள் வாய்ப்பு எவ்வளவு என்பதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் படியுங்கள். 100-க்கு ஒன்றரை என்று இருந்தால், 100 தடவை குலுக்கினால் ஒன்றரை வீரன் உறுதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மைக் கணக்கு அப்படி வராது. 100 தடவை குலுக்கியும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 100 பேர் அப்படிக் குலுக்கினால் ஏறக்குறைய 22 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் போன் ரீசார்ஜ் செய்கிற பிள்ளை அந்த 22 பேரில் ஒருவனாக ஆவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஆட்டத்தைக் காசு போடாமல் ஆடலாம். நான் இதுவரை சொன்ன கணக்குகள் எதற்கும் காசு வேண்டாம்.

கடைசியாக, நிஞ்சா கையில் வந்தேவிட்டான் என்றால் என்ன செய்வது? ஐந்து நட்சத்திர வீரனை வளர்ச்சியின் கடைசிப் படியான நான்காம் படிக்கு ஏற்ற, அவன் நிறத்துக்கு உரிய அரிய பொருள் ஆறு வேண்டும். ஊதாவுக்கு ராயல் டேபர்ட், நீலத்துக்கு ஃபார்சைட் டெலஸ்கோப், சிவப்புக்கு மிஸ்டிக் ரிங்ஸ். இவை சேர மாதக்கணக்கில் ஆகும். ஒருவனுக்குக் கொடுத்தால் அதே நிறத்தில் இன்னொருவன் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே உடனே கொடுத்துவிடாதீர்கள். மூன்றாம் படியிலேயே நிஞ்சாவை அணியில் சேர்த்துச் சில வாரம் ஆடுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் அவன் எந்த நிலையில் ஏவப்பட்டான், அந்த அடி யாரையாவது வீழ்த்தியதா, ஏவுவதற்குமுன் இறந்துபோனானா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் நிலையிலேயே ஏவியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் ஆட்டத்துக்கு ‘வேகம்’ போட்ட சாதாரண வீரனே போதும், பொருளை அவனுக்குக் கொடுங்கள். இரண்டாம், மூன்றாம் நிலையில் ஏவி எதிரி விழுந்த வரிகள் அதிகமாக இருந்தால் அந்த ஆறு பொருளையும் தயங்காமல் நிஞ்சாவுக்கே கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.