ஊதிப் பாத்தா மார்பகப் புற்றுநோய் தெரியுமா?

வணக்கம் மக்களே. ஒரு குழாய்ல ஊதுனா போதும், மார்பகப் புற்றுநோய் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வருது, அத பாத்துட்டு "அப்போ மேமோகிராம், அதான் மார்பகத்த எடுக்கிற எக்ஸ்ரே, அதெல்லாம் வேணாமா"ன்னு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அக்காங்க நெறைய பேரு கேக்குறாங்க. விஷயம் பொய் இல்ல, ஆனா இன்னும் நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற நிலைமைல இல்ல. ஏன்னு பாப்போம்.

(திரையில: மூச்சு விடும் நுரையீரல் படம்)

நாம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு மட்டும் இல்லீங்க. 1971லயே லைனஸ் பாலிங்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி மூச்சுக்காத்தைப் பிரிச்சுப் பாத்து சுமார் 250 பொருள் இருக்குன்னு காட்டிட்டாரு. உடம்புல செல்லுங்க வேலை செய்யறப்போ சில ரசாயனம் உண்டாகும், அது ரத்தத்துல கலந்து நுரையீரலுக்கு வந்து ஆவியா வெளிய போயிடும். செல்லோட கொழுப்புச் சவ்வு சிதையறப்போ ஆல்கேன்னு ஒரு வகை வரும். அமெரிக்காவுல மைக்கேல் பிலிப்ஸ் குழு 2003ல வெளியிட்ட ஆய்வுல, மார்பகப் புற்றுநோய் உள்ளவங்க மூச்சுல இந்த ஆல்கேன் வகையறா கலந்திருக்கிற விதமே வேறயா இருக்குன்னு சொன்னாங்க.

டெஸ்ட் எடுக்கிறது சுலபம். ரெண்டு நிமிஷம் குழாய்ல சாதாரணமா மூச்சு விடணும், அந்தக் காத்து ஒரு சின்ன டியூபுல சிக்கிக்கும், அப்புறம் களத்துல நெல்லையும் பதரையும் தூத்திப் பிரிக்கிற மாதிரி கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின் ஒவ்வொன்னையும் தனியா பிரிச்சுக் காட்டும். கூடவே அந்த ரூமோட காத்தையும் தனியா ஒரு டியூபுல புடிப்பாங்க, அதுதான் முக்கியம். ஏன்னா அறுவடை முடிஞ்சு தாளு எரிக்கிற புகை, விறகடுப்பு, ரைஸ்மில் தூசி, வாயில போட்ட வெத்தலை பாக்கு, காலைல சாப்ட்டது, இது எல்லாமே மூச்சுல வரும், எது உடம்புலேர்ந்து வந்தது எது வெளியேர்ந்து போனதுன்னு கழிச்சுப் பாக்கணும். இங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

வயித்துல ஹெச் பைலோரி கிருமி இருக்கான்னு பாக்குற மூச்சு டெஸ்ட் ஏற்கனவே நடைமுறையில இருக்கு, அதுல தனியா அடையாளம் தெரியிற கார்பன் சேத்த யூரியாவக் குடுப்பாங்க, கிருமி இருந்தா அத உடைக்கும், அந்த கார்பன் மூச்சுல வந்துடும். தேடுறது ஒரே பொருள். மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி ஒத்த அடையாளம் கிடையாது, பல ரசாயனம் கொஞ்சம் கூடுறதையும் கொறையறதையும் சேத்துப் பாக்கணும், ஒரு குழு புடிச்ச அடையாளம் இன்னொரு குழுவுக்கு அப்படியே வர மாட்டேங்குது.

(திரையில: 1000 பொம்மைகள், 5 சிவப்பு)

ஒரு கணக்கு போடுவோம், உதாரணத்துக்குத்தான். 1000 பேர் ஊதுறாங்க, அதுல உண்மையா நோய் உள்ளவங்க 5 பேர். டெஸ்ட் நோய் உள்ளவங்கள்ல நூத்துக்கு 80 பேரப் புடிக்கும், இல்லாதவங்கள்ல 90 பேர சரியா இல்லைன்னு சொல்லும்னு வச்சுக்கோங்க. கேக்க நல்லாத்தானே இருக்கு? ஆனா 4 பேர் சிக்குவாங்க, ஒருத்தர் "ஒன்னும் இல்ல"ன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க, நோயே இல்லாத கிட்டத்தட்ட 100 பேர் பயந்துக்கிட்டு நிப்பாங்க. அந்த ஒருத்தர நெனைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல.

அப்படின்னா இந்த ஆராய்ச்சி வீணா? இல்லவே இல்ல. எங்க பக்கம் ஒரு முகாம்ல பாத்தேன், சுகர், பிரஷர் பாக்க வரிசைல நின்ன நடவு வேலை அம்மாங்க, அடுத்து மறைப்பு கட்டுன இடத்துல மார்பு பரிசோதனைன்னு நர்சம்மா கூப்பிட்டதும் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு "எனக்கு ஒன்னும் இல்லம்மா, களை பறிக்கப் போகணும்"னு கெளம்பிட்டாங்க. ஜாக்கெட்ட அவுக்க வேணாம், எக்ஸ்ரே வேணாம், வலிக்காதுன்னா அவங்க நின்னிருப்பாங்க. 1000 பேர்ல யாருக்கு மேமோகிராம் அவசியம்னு முதல்கட்டமா சலிச்செடுக்க ஒரு நாள் இது உதவலாம். அதுக்கு பெரிய அளவுல, நம்ம சாப்பாடு நம்ம காத்தோட சோதிச்சுப் பாத்தாகணும்.

அதுவரைக்கும் நம்ம கையில ஒன்னு இருக்கு. மும்பைல டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரில 1998ல ஆரம்பிச்சு, ஒன்றரை லட்சம் பெண்கள வச்சு இருபது வருஷம் பாத்தாங்க, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணிப் பெண்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கையாலயே பரிசோதிச்சாங்க. நோய் முத்துறதுக்கு முன்னாடியே புடிக்க முடிஞ்சுது. மொத்தமா எல்லா வயசுக்கும் சேத்துப் பாத்தா சாவு கொறைஞ்சுதுன்னு உறுதியா சொல்ல முடியல, ஆனா 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறைஞ்சுது, வெறும் கை பரிசோதனையில!

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசு தாண்டுன பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். வலி இல்லாத கட்டி, காம்பு உள்ள இழுக்கிறது, காம்புல ரத்தம், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழறது, அக்குள்ல நெறி, இதுல எது இருந்தாலும் காட்டுங்க, வலிக்கலையேன்னு விடாதீங்க, ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது.

சும்மா பரிசோதனைக்குப் போறவங்க மாதவிடாய் முடிஞ்ச அடுத்த வாரம் போனா மார்பு வலி கம்மியா இருக்கும். கட்டி தட்டுப்பட்டவங்க அந்த நாள் கணக்கெல்லாம் பாக்க வேணாம், நாளைக்குக் காலைலயே ஓபி சீட்டு போட்டுடுங்க.