இரண்டு படங்களுக்கு நடுவில் கொஞ்சம் இருட்டு

வணக்கம். குறும்படத் திரையிடல் நடத்துவதைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். படம் எடுப்பதைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எடுத்த படத்தை நாலு பேரை உட்காரவைத்துக் காட்டுவதைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. அதனால் சரி என்று வந்துவிட்டேன்.

ஒரு கூடம், ஐம்பது அறுபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஆறேழு படம், மொத்தம் ஒன்றரை மணி நேரம். பல வருடமாக நான் செய்துகொண்டிருப்பது இவ்வளவுதான். நாற்காலி அடுக்குவதிலிருந்து இயக்குநர்களிடம் அனுமதி வாங்குவது வரை சொல்ல நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றாக வருகிறேன். ஆனால் முதலில் இருட்டு.

ஆரம்ப காலத்தில் நடந்தது. அன்றைக்கு ஏழு படங்களையும் லேப்டாப்பில் வரிசையாகப் போட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் என்று எனக்கே ஒரு பெருமை. மூன்றாவது படம் பதினோரு நிமிடம். கடைசிக் காட்சியில் ஒரு பெரியவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார். சாவி கையில்தான் இருக்கிறது, திறக்கவில்லை. விரலால் சாவியைத் தடவிக்கொண்டே நிற்கிறார், திரை கறுக்கிறது. கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அடுத்த நொடி, நான்காவது படத்தின் அலாரம் கடிகாரம் காது கிழிய அடித்தது. அது நகைச்சுவைப் படம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். கதவுப் படத்தை எடுத்த பெண் இரண்டாவது வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மாதான் என்னிடம் வந்தார். “அந்தப் பெரியவர் கதவைத் திறப்பாரா மாட்டாரான்னு நினைக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சே தம்பி” என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து இரண்டு படங்களுக்கு நடுவில் பத்து விநாடி கறுப்புத் திரை. படமும் இல்லாத, ஒலியும் இல்லாத பத்து விநாடி. அதைத் தனியாக ஒரு சின்ன வீடியோவாகச் செய்து, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் செருகிவிடுங்கள். பாஸ் பட்டனை அழுத்தி நிறுத்தினால் போதுமே என்பீர்கள். அழுத்திப் பாருங்கள், திரையில் பட்டன், ஃபைல் பெயர், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி, எல்லாம் பளிச்சென்று வந்து நிற்கும். விளக்கையும் போடாதீர்கள். போட்டால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பத்து விநாடியில் என்ன நடக்கும்? முதல் மூன்று நான்கு விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு நாற்காலி கிறீச்சிடும், யாரோ மூச்சு விடுவார்கள், அதற்குப் பிறகுதான் கைதட்டல். இடம் விட்டால்தானே தட்டுவார்கள்? வீட்டில் போனில் பார்க்கும்போது பெயர்ப் பட்டியல் பாதி ஓடுவதற்குள் அடுத்த வீடியோ கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதே மாதிரிதான் நாமும் காட்டப்போகிறோம் என்றால் கூடம் எதற்கு, நாற்காலி எதற்கு?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்கள் இல்லையா, அன்றைக்குக் காட்டியது பத்துப் படம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட வராது. அதாவது சினிமா பிறந்ததே குறும்படத் திரையிடலாகத்தான். ஒரு படம் முடிந்தால் சுருளைக் கழற்றி அடுத்ததை மாட்டியாக வேண்டும். ஆக, அவர்களுக்கு இடைவெளி தானாகவே கிடைத்தது. நாம்தான் அதைச் செலவில்லாமல் தொலைத்துவிட்டு, இப்போது கறுப்பு வீடியோ செய்துகொண்டிருக்கிறோம்.

இதை வானொலியில் வந்து சொல்கிறேன் பாருங்கள். இங்கே ஐந்து விநாடி மௌனம் விழுந்தால் ஆட்கள் ஓடி வருவார்கள். உரைக்கு நடுவில் பத்து விநாடி சும்மா இருந்து காட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சரி, ஒலி. சுயாதீனமாகப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நடு இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் ஒலியைச் சேர்க்கிறார்கள். ஒருவர் படத்தில் கிசுகிசுப்பு, அடுத்தவர் படத்தில் இடி. முந்தைய நாளே ஒவ்வொரு படத்திலும் சத்தம் அதிகமான இடத்தையும் குறைவான இடத்தையும் ஓடவிட்டுக் கேட்டு, எந்தப் படத்துக்கு வால்யூம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். அப்புறம் ஒன்று, காலிக் கூடத்தில் கணீரென்று கேட்டது ஆள் நிறைந்ததும் மந்தமாகிவிடும். நம் உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டலையும் பத்து விநாடி இருட்டில்தான் செய்ய வேண்டும், அதற்கும் அது உதவுகிறது. (திரும்பவும் இருட்டுக்கே வந்துவிட்டேன், மன்னியுங்கள்.)

படங்களை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள், ஃபைலாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பென் டிரைவ் பலவும் ஃபேட் 32 என்ற ஃபைல் சேமிக்கும் முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையின் அடிவிளிம்பு முன்வரிசைத் தலைகளுக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் சப்டைட்டில் முன்வரிசைக்கு மட்டும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். அனுமதியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: படம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தாலும், கூடத்தில் போடுவதற்கு எடுத்தவரிடம் கேட்டாக வேண்டும். எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை முறை, கட்டணம் உண்டா இல்லையா, நாலு வரி போதும். பாட்டு ஏதாவது இருந்தால் அதற்கு உரிமை வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். இயக்குநரோடு கலந்துரையாடல் வைப்பதாக இருந்தால் எல்லாப் படமும் முடிந்த பிறகு வையுங்கள், முதல் கேள்வி கேட்க ஒருவரை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள், மைக்கைக் கேட்பவர் கையில் மட்டும்... சரி, முடிக்கச் சொல்கிறார்கள். வணக்கம்.