காலையில் மட்டும் குலுங்கும் இன்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிடுகிறது. ஆனால் நின்ற இடத்திலேயே குலுங்குகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, சில நாள் அப்படியே அணைந்தும் போகிறது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். பெட்ரோல் காரில் வரும் மிஸ்ஸிங்கைப் பற்றித்தான் இன்று பேச்சு. டீசல் வேறு கதை.

ஆறிப்போன இன்ஜின் முதலில் 1,200, 1,500 ஆர்பிஎம்மில் இரைந்து ஓடி, சூடேறச் சூடேற 700, 800க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம். அது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே செய்வது. பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்துவிடுவோமே, அதே வேலைதான். குளிரில் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகாது, ஒரு பகுதி உள்ளே போகும் வழியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. குளிர் என்றதும் ஊட்டியை நினைக்காதீர்கள். 90 டிகிரியில் ஓட வேண்டிய இன்ஜினுக்குச் சென்னையின் 25 டிகிரியும் குளிர்தான்.

இனி நான் யாரிடமும் சொல்லாமல் விடாத விஷயம். இந்தக் கோளாறுக்கு ஆயுசே அந்த முதல் ஐந்து நிமிடம்தான். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி குணமாகியிருக்கும். மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார். சும்மா அனுப்ப மனசு வராமல் நாலு ஸ்பார்க் பிளக், ஒரு ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுப்பார். மறுநாள் காலை அதே குலுக்கல். அவர் மேல் தப்பில்லை, நோயை அவர் பார்க்கவே இல்லையே! ஆகவே முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள். "காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கதான் பண்ணணும், இடம் மாற்றக்கூட வேற யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவத்தின் வெப்பம், மற்றது உள்ளே போகும் காற்றின் வெப்பம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 24, கூலன்ட் 60 என்று காட்டினால் கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, 'இன்ஜின்தான் சூடாக இருக்கிறதே' என்று பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சார் ஒரேயடியாகச் செத்துப்போனால் செக் இன்ஜின் விளக்கு எரியும். பொய் சொல்லும் சென்சாருக்குப் பெரும்பாலும் விளக்கும் எரியாது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சரியாகத்தானே நிற்கிறது என்பீர்கள். சில வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மல்டிமீட்டரும் போதும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றுங்கள், கூலன்ட் கொஞ்சம் ஒழுகும். முனையைத் தண்ணீரில் முக்கி, மல்டிமீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். எழுதிக்கொள்பவர்களுக்காக இன்னொரு முறை: 20க்கு இரண்டாயிரம் மூவாயிரம், 80க்கு முந்நூறு. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்ற எண் சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் சென்சாரை மாற்றிவிடலாம்.

சென்சாரில் குறை இல்லையென்றால் அடுத்த சந்தேகம் ஏர் லீக். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட்டிலோ (இணைப்பை அடைக்கும் பட்டை), அதோடு இணைந்த, வெடித்துப்போன வேக்குவம் ஹோஸிலோ (ரப்பர் குழாய்) காற்று திருட்டுத்தனமாக நுழையும். அந்தப் பக்கத்துச் சிலிண்டருக்குக் கலவை மெலிந்துபோகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும், சரியாகப் பற்றாது. சூடானதும் எப்படிச் சரியாகிறது? உலோகம் விரிந்து இடுக்கு அடைபடுகிறது. அதோடு, சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அது விழித்துக்கொண்டதும் குறையைச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துவிடும். நோய் போகவில்லை, மூடிவைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பிடிக்க, குலுங்கும்போதே ஒவ்வொரு ஹோஸாக இரண்டு நொடி அமுக்கிப் பிடியுங்கள். ஓட்டம் மாறினால் ஆள் அகப்பட்டான். கேஸ்கட் ஓரத்தில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, அது தீப்பிடிக்கும் சரக்கு. ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீரே போதும். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் ஒரு கணம் சத்தம் மாறும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் பக்கம் மட்டும் படவிடாதீர்கள்.

கடிகாரம் துரத்துகிறது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியில் கறுப்பாக வளையம் கட்டியிருந்தால் கிளீனரும் துணியும் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டில் விரல் வைக்கக்கூடாது. துடைத்த பிறகு ஐட்லிங்கை (நின்ற இடத்தில் ஓடும் வேகத்தை) ஸ்கேனரில் மறுபடி பழக்க வேண்டி வரலாம். பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளி பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பிளக்கைக் கழற்றினால் கலந்து வைக்காமல் வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ராத்திரியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கழுவிவைத்தது போல் வெளுத்திருந்து, காலையில் வெள்ளைப் புகையும் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் சிலிண்டருக்குள் கூலன்ட் வராமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.