தமிழைப் பற்றி, ஆங்கிலத்தில் ஒரு சிற்றிதழ்

நேயர்களுக்கு வணக்கம். இங்கே கோலாலம்பூரில், எல்ஆர்டி ரயிலில் யூனிவர்சிட்டி நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பத்திரிகை ஞாபகம் வரும். பேர் ‘தமிழ் கல்ச்சர்’. 1952இல் தமிழ்நாட்டில் தொடங்கி 1966 வரை வந்த காலாண்டிதழ். பேசுவதெல்லாம் தமிழைப் பற்றி, ஆனால் ஆங்கிலத்தில்.

தமிழுக்குப் பத்திரிகை நடத்துகிறவர் ஏன் ஆங்கிலத்தில் நடத்தினார் என்று இன்றைக்கும் என்னிடம் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். ஐயா, தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழின் பெருமையைச் சொல்ல ஆயிரம் மேடை இருக்கிறது. தெரியாதவனிடம் யார் சொல்வது? அதைத்தான் அதன் ஆசிரியர் சேவியர் தனிநாயகம் அடிகள் செய்தார். ஈழத்து ஊர்காவற்றுறைப் பக்கத்தவர், கத்தோலிக்கக் குருவானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சேர்ந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தாமதமாக வந்தவருக்குத்தான் பசி அதிகம் போலிருக்கிறது.

அந்த இதழில் பாரீசிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா எழுதினார், பிராக் நகரத்திலிருந்து செக் தமிழறிஞர் கமில் சுவலபில் எழுதினார். மின்னஞ்சல் இல்லாத காலம், எல்லாம் தபால்தான்.

1961இல் அடிகள் இங்கே, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தாவோ த புரொயென்சா என்ற போர்த்துக்கீசிய ஏசு சபைப் பாதிரியார் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இறந்த பிறகு, 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அப்புறம் உலகம் அதை மறந்தே போனது. வாடிகன் நூலகத்தில் கிடந்த பிரதியை அடிகள் தேடிப் பிடித்தார். சரி, பிடித்தவர் என்ன செய்தார்? பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து, 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். எங்கே தெரியுமா? லண்டனில் இல்லை, சென்னையிலும் இல்லை. நம்ம கோலாலம்பூரில்! முன்னூறு வருடத்துக்கு முன் மக்கள் வாயில் இருந்த தமிழ்ச் சொற்களைப் பார்க்க வேண்டுமா, அதைப் புரட்டுங்கள்.

அதே 1966 ஏப்ரலில்தான் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் இங்கே நடந்தது. மாநாட்டை எல்லாரும் கொண்டாடுகிறோம், இதழை மறந்துவிடுகிறோம். ஆனால், மாநாட்டுக்கு வந்தவர்களில் பலர் இதழின் பக்கங்களில் முதலில் பழகி, அப்புறம்தான் மண்டபத்தில் கைகுலுக்கினார்கள். பாரீசில் இருந்தவரும் பிராகில் இருந்தவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துப் பல வருடம் ஆகியிருந்தது. 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கியபோது ஃபிலியோசா தலைவரானதும் திடீரென்று நடந்ததல்ல.

மாநாடு நடந்த அதே ஆண்டோடு இதழ் நின்றது. ஏன் என்று பேசத்தான் கடைசிப் பகுதியை வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் நேரம் முடிந்தது என்று விரலைக் காட்டுகிறார். ஒன்று மட்டும்: அதே ஆண்டு அடிகள் வெளியிட்ட தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியலும் உண்டு. ஆய்வு மாணவர்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.