அக்காவுக்கு ஏறின ஊசி தங்கச்சிக்கு ஏன் ஏறலை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கமுங்க. போன தடவை கல்லீரல் பத்திப் பேசினதுக்கு நிறையக் கேள்வி வந்திருக்குது. அதுல ஒன்னு, படிச்சதுல இருந்து மண்டைக்குள்ளேயே நிக்குது. கோபியில இருந்து ஒரு அம்முணி கேட்டிருக்குது: "அக்காவும் நானும் நர்ஸிங். ரெண்டு பேரும் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணும் போட்டோம். ரத்த டெஸ்ட்ல அக்காவுக்கு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கிற புரதம்) நல்லா ஏறியிருக்குது, எனக்குப் பத்துக்குக் கீழே. எங்க வீட்டு ஜீன்ல குறைங்களா சார்?"

குறையெல்லாம் இல்லை கண்ணு. வகை வேற, அவ்வளவுதான்.

பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு எச்.எல்.ஏ. ஞாபகம் இருக்கும், ஆறாவது குரோமோசோம்ல இருக்கிற ஜீனுங்க. ஈரோட்டு மஞ்சள் ஏலத்துல யாவாரி மூட்டை பூராவும் கொட்டிப் பார்க்கிறதில்லை. எடுத்து வச்ச சாம்பிளைப் பார்த்துத்தான் விலை போடுவாரு. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுவுல ஒரு வகையான டி செல்லும் அப்படித்தானுங்க, கிருமி முழுசையும் பார்க்காது. செல்லுக்குள்ளே கிருமியோட புரதத்தை வெட்டி, ஒரு துண்டை வெளியே நீட்டிக் காட்டணும். அந்த நீட்டுற கையைத்தான் எச்.எல்.ஏ. ஜீனுங்க செய்யுது. இந்தக் கை ஆளுக்கு ஆள் வேற. எனக்குப் பிடிபடுற துண்டு உங்களுக்கு வழுக்கிரும், உங்களுக்கு வேற துண்டு சிக்கும். திரும்பவும் சொல்றனுங்க, கைக்குச் சிக்கினதைத்தான் டி செல் பார்க்கும். அது பார்த்து உதவி பண்ணினாத்தான் பி செல்லுங்கிற இன்னொரு வெள்ளை அணு ஆன்டிபாடியை ஒழுங்காத் தயார் பண்ணும்.

ஹெபடைட்டிஸ் பி ஊசியில இருக்கிறது வைரஸோட மேல்தோல் புரதம் ஒன்னே ஒன்னு. அதனால சாம்பிளும் கம்மி. எச்.எல்.ஏ. ஜீனுங்கள்ல ஒன்னான டி.ஆர்.பி.1-ல 03, 07னு சில வகை இருக்கிறவங்களுக்கு இந்த ஊசி சரியா ஏறாம போறது அதிகம்னு ஆராய்ச்சியில பார்த்திருக்கிறாங்க. நல்லா இருக்கிற பெரியவங்களிலேயே நூத்துக்கு 5ல இருந்து 10 பேருக்கு இப்படி ஆகுது. வயசு, உடம்பு எடை, சிகரெட்டு இதுக்கும் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் ஜீன் மேல போட்டுறாதீங்க.

அக்காவுக்கு ஏறுச்சேங்கிறீங்களா? இந்த எச்.எல்.ஏ. ஜீனுங்க அப்பாகிட்ட ரெண்டு செட்டு, அம்மாகிட்ட ரெண்டு செட்டு. பிள்ளைக்கு அப்பாகிட்ட இருந்து ஒன்னு, அம்மாகிட்ட இருந்து ஒன்னுதான் வரும். அக்கா தங்கச்சிக்கு அது அச்சா ஒத்துப்போறதுக்கு நாலுல ஒரு வாய்ப்புத்தான். எலும்பு மஜ்ஜை குடுக்கிறதுக்குக் கூடப்பிறந்தவங்களை டெஸ்ட் பண்ணிட்டு, "சேரலைங்க"ன்னு டாக்டர் சொல்றது இதனாலதான்.

தடுப்பூசி கண்டுபிடிக்கிறவங்களுக்கு இது பெரிய ரோதனை. ஒரு சின்னத் துண்டை மட்டும் வச்சு ஊசி பண்ணினா, ஒரு நாட்டுக்காரங்களுக்கு வேலை செய்யும், இன்னொரு நாட்டுல பாதிப் பேருக்குச் சிக்காது. கோவிஷீல்டுல கொரோனாவோட ஸ்பைக் புரதம் முழுசுக்குமான ஜீன், கோவேக்ஸின்ல கொன்ன வைரஸே முழுசா இருக்குது. ஸ்பைக் மட்டுமே 1,273 அமினோ அமிலம் நீளம். எப்பேர்ப்பட்ட கைக்கும் அதுல ஏதோ ஒன்னு சிக்கிரும்.

ஆனா அம்முணி, நீங்க வேற ஒன்னு கேட்டிருக்கணும். இத்தனை வகைக் கை எதுக்கு? நல்லதா ஒன்னை எல்லாருக்கும் குடுத்திருக்கலாமில்ல? நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைக்காரங்களைக் கேளுங்க. குஞ்சு பொரிச்ச அன்னைக்கே, மேரக்ஸ்ங்கிற கோழி நோய்க்கு ஊசி போடுவாங்க. அந்த நோயை ஹங்கேரியில யோசெப் மேரக் எழுதி வச்சது 1907ல. கோழிக்கும் நம்ம எச்.எல்.ஏ. மாதிரி ஜீனுங்க உண்டு. அதுல பி21ங்கிற வகை இருக்கிற கோழி மேரக்ஸைத் தாங்கும், பி19 இருக்கிறது பொத்துன்னு விழுந்துரும். ஊசி எவ்வளவு பிடிக்குதுங்கிறதும் வகைக்கு வகை மாறும். பண்ணை பூராவும் பி19ஆவே இருந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. மனுசனுக்குள்ளே ஆயிரக்கணக்கான வகை இருக்கிறதால எந்தக் கிருமியும் நம்மளை ஒட்டுக்கா வாரிட்டுப் போக முடியறதில்லை.

ஒரே கூட்டத்துக்குள்ளே பங்காளிகள் பொண்ணு எடுக்கிறதில்லையே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமான்னு உடனே கமென்ட் வரும். மாமன் பொண்ணையும் கட்டுறோமுங்களே? அதைத் தனியாப் பேசலாம்.

அம்முணி கேட்டதை விட்டுட்டேன் பாருங்க. டாக்டரைப் பார்த்து மறுபடியும் மூணு ஊசி போடுங்க, நிறையப் பேருக்கு ரெண்டாந்தடவை ஏறிரும். கடைசி ஊசி போட்டு ஒன்னு ரெண்டு மாசத்துல டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் ஏறலைன்னா, ஏற்கனவே ஹெபடைட்டிஸ் பி உள்ளே இருக்குதான்னு ஒரு டெஸ்ட். அதுவும் இல்லைன்னு வந்தா, வார்டுல நோயாளிக்குப் போட்ட ஊசி எப்பவாவது உங்களைக் குத்திட்டா ஒளிக்காம உடனே சொல்லிருங்க, அதுக்கு இம்யூனோகுளோபுலின்னு தயாரா இருக்கிற ஆன்டிபாடி மருந்து இருக்குது, தாமதம் ஆகாம போடணும்.